நான் கழுவிய பன்னிரண்டு குப்பிகள்

சென்ற மாதம் எங்கள் பழைய ஆய்வுகூடத்துக்கு வந்திருக்கும் புதுக் கருவியைக் காட்டுவதற்கு இளையவர்கள் என்னை அழைத்திருந்தார்கள். கையில் பிடிக்கும் அளவுதான். வெள்ளி பூசிய ஒரு சிறு துண்டின்மேல் ஒரு துளி நீரை விட்டு, கருவியின் மூக்கை அதற்கு நேரே பிடித்தார்கள். பத்து எண்ணி முடிப்பதற்குள் திரையில் ஒரு பெயர் வந்துவிட்டது. அந்த நீரில் எந்தப் பூச்சிமருந்து கலந்திருக்கிறது என்ற விடை அது.

"மிஸ், உங்கட காலத்தில இதுக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கறண்ட் இருந்தால் ஒரு நாள்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று திணைக்களத்தின் ஆண்டுச் சஞ்சிகைக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். இப்போது எழுதுகிறேன். பொறாமையைப் பற்றி எழுதாமல் அந்த வேலையைப் பற்றி மட்டும் எழுத என்னால் முடியவில்லை. ஆகவே இரண்டையும் எழுதுகிறேன்.

வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது பெரும்பகுதி போன நிறத்திலேயே திரும்பி வருகிறது. கோடியில் ஒரு கூறு மட்டும் சற்றே நிறம் மாறி வரும். அந்த மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனியானது, கைரேகையைப் போல. அதைப் படிப்பதுதான் இராமன் முறை. ஆனால் அந்தக் கைரேகை மிக மங்கலானது. மூலக்கூறு நுண்ணிய வெள்ளித் துணிக்கைகளின்மேல் ஒட்டிக்கொண்டால் மட்டும் அது இலட்சம் மடங்கு பளிச்சென்று தெரியும். அந்த வெள்ளிக் கூழைச் செய்வதும், அதில் மாதிரியைக் கலந்து கருவிக்குமுன் வைப்பதும்தான் எங்கள் தொழில்.

எழுபதுகளின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். முதலிரண்டு வருடங்களும் கண்ணாடிப் பாத்திரம் கழுவியதைத் தவிர வேறெதுவும் செய்ததாக நினைவில்லை. எங்கள் பேராசிரியர் சிங்களவர். சிறுவயதில் மாத்தளைக் கடைத்தெருவில் பழகிய தமிழை அவர் கைவிடவில்லை. அது பிழைகளோடும் மரியாதையோடும் வரும். கழுவிய பீக்கரைக் கையில் எடுத்துக் கவிழ்த்து யன்னல் வெளிச்சத்துக்குப் பிடிப்பார். நீர் ஒரே படலமாக வழிந்தால் சரி. எங்காவது ஒரு சொட்டு முத்துப்போல் நின்றுவிட்டால் ஒன்றும் சொல்லாமல் என்னிடமே திருப்பித் தருவார். ஒருமுறை ஒரே பீக்கரை ஆறு தரம் திருப்பித் தந்தார். ஏழாம் தரம், "மிஸ், இந்த மெஷின் மாப்பிள்ளை மாதிரி. அழுக்கு கண்டா முகம் திருப்பும்," என்றார். அவர் யாரையும் பாராட்டியதில்லை. திருப்தியானால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அந்தத் துடைப்புக்காக நான் பல வருடங்கள் உழைத்தேன்.

கருவி இருந்தது யன்னலே இல்லாத ஓர் இருட்டறையில். எண்பத்து மூன்றாம் ஆண்டு தமிழருக்கெதிரான ஆடிக் கலவரத்தின்போது பேராசிரியர் என்னை அந்த அறைக்குள் வைத்து வெளியே பூட்டிச் சாவியைத் தம் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு நாட்கள் லேசர்க் குழாய்க்கும் சுவருக்கும் இடையில் பாய்போட்டு இருந்தேன். யாரோ வந்து கதவைத் தட்டியபோது, "உள்ளே கதிர்வீச்சு, கண் போகும்," என்று அவர் சிங்களத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. அவர்கள் போய்விட்டார்கள். எல்லாம் அடங்கிய பிறகு அந்தச் சாவியை என் கையில் தந்தார். நானும் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அந்த அறை என்னுடையது என்று மனம் தீர்மானித்துவிட்டது. அப்படி யாரும் சொல்லவில்லை. நானேதான் அப்படி வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக் கூழ் செய்வதில் எனக்கு நிகர் யாருமில்லை என்பது என் எண்ணம். அரை லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் வெள்ளி நைத்திரேற்றைக் கரைத்துக் கொதிக்கவிட வேண்டும். கொதி வந்ததும் சோடியம் சித்திரேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விட வேண்டும். அவசரப்பட்டால் வெள்ளி அடியில் கறுப்பாக விழுந்துவிடும். சரியாக விட்டால் நீர் முதலில் மெல்லிய மஞ்சளாகும். பிறகு மங்கிய பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு நிறத்துக்கு வரும். ஒரு மணித்தியாலம் கொதித்து ஆறிய பின்னர் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். குப்பியின் அடியில் ஒரு துகள் கூடப் படியாது. என் கூழ் மூன்று மாதம் நின்றது. சிறிது அழுக்குப் பட்டாலும் பால் திரிவதுபோல் நீலம் பாய்ந்து கறுத்துவிடும். திரிந்த கூழை நான் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை, தொட்டியில் ஊற்றிவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் செல்வராணி வந்தாள். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். தாயும் தமக்கையும் கொழுந்து பறிப்பவர்கள். உயர்தரத்தில் இரசாயனம் படித்துச் சித்தியடைந்தும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல், எங்களிடம் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். முதல்நாளே பேராசிரியரைப் பார்த்து, "சேர், இந்தப் பேனா தானா எழுதுமா, இல்ல யாராச்சும் பின்னால இருந்து தள்ளுறாங்களா?" என்று கேட்டாள். கருவி தரும் கோட்டை ஒரு நீண்ட தாளில் வரைந்துகொண்டு போகும் பேனாவைத்தான் கேட்டாள். பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். பதினாறு வருடங்களில் அப்படி அவர் சிரித்து நான் கேட்டதில்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு போனேன்.

அது யுத்தம் உக்கிரமாக நடந்த காலம். நைத்திரிக்கமிலம் ஒரு போத்தல் வாங்குவதற்கும் கடிதத்துக்குமேல் கடிதம் வேண்டியிருந்தது. குண்டு செய்யும் பொருள் என்று சந்தேகம். வருகின்ற கொஞ்சத்தையும் நான் அலுமாரியில் வைத்துப் பூட்டி, என் பாத்திரங்களைக் கழுவ மட்டும் எடுத்தேன். செல்வராணி ஒருநாள் கேட்டாள்.

"மிஸ், எனக்கும் கொஞ்சம் அசிட் தருவீங்களா? குப்பி கழுவ."

"அது கூழ் செய்யிற பாத்திரத்துக்கு மட்டும்தான். உம்மட குப்பிக்குச் சவர்க்காரம் காணும்."

"சரிங்க மிஸ்," என்று போய்விட்டாள். அதற்குமேல் கேட்கவில்லை. அவள் எதனால் கழுவுகிறாள் என்று நானும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் அந்த அதிசயம் தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களில் அடிக்கும் பரகுவாட் என்ற களைகொல்லியை நீரில் கண்டறிய முடியுமா என்று பேராசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார். கூழ் என்னுடையது, ஒரே குடுவையிலிருந்து இருவரும் எடுத்தோம். என் குப்பியில் கலந்தால் தாளில் ஒரு சிறு மேடு எழும். செல்வராணி தன் குப்பியில் கலந்தால் பேனா தாளின் உச்சியில் போய் இடித்துக்கொண்டு நிற்கும். ஒரு தடவை என்றால் தற்செயல் எனலாம். பத்துத் தடவையும் அப்படியே நடந்தது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செல்வராணி கையில என்னமோ இருக்கு," என்றார்.

"வெறும் காப்புத்தான் சேர்," என்றாள் அவள், கையை நீட்டிக் காட்டி.

நானும் சிரித்தேன். ஆனால் அவள் குப்பிகளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்திருந்தேன். அவற்றில் என் கூழ் நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. திரிந்திருந்தது. மூன்று மாதம் நிற்கும் கூழை அவள் குப்பி மூன்று நிமிடத்தில் கெடுத்தது. அழுக்குக் குப்பியில் கெட்டுப்போன கூழில் வந்த கோட்டைப் பார்த்து ஒரு பேராசிரியர் கண்ணாடி துடைக்கிறார் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பொறாமையில் பேசுகிறேன் என்று நினைப்பார் என்பதால் சொல்லவில்லை. அவர் அப்படி நினைத்திருந்தால் அது சரியாகவே இருந்திருக்கும்.

பிறகு ஒருநாள், "மிஸ், இனி அளவு எல்லாம் செல்வராணி எடுக்கட்டும். நீங்க கூழ் மட்டும் பாருங்க," என்று சொல்லி, இருட்டறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தார். நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பக்கமும் வாசிக்காமல் ஒரு மணித்தியாலம் இருந்தேன்.

சில மாதங்களின் பின் செல்வராணி தன் தோட்டத்திலிருந்து இரண்டு போத்தல் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர்களுடைய லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் குடிநீர் பிடிப்பது ஒரு பீலியில். மலைச்சரிவிலிருந்து குழாய்போல் வடிந்து விழும் ஊற்றுநீர் அது. சில வாரங்களாகப் பிள்ளைகளுக்கு வாய்ப்புண், பெரியவர்களுக்கு வயிற்றெரிவு. பீலிக்குமேலே ஓடையில் மருந்தடிக்கும் தாங்கிகளைக் கழுவுகிறார்கள் என்பது செல்வராணியின் சந்தேகம். தோட்டத்துத் துரையிடம் முறையிட்டபோது, மாங்காய் தின்றால் வாய் புண்ணாகத்தான் செய்யும் என்று பதில் வந்ததாம்.

"எங்க அக்கா மக தனத்துக்கு நாலு வயசு சேர். அது மாங்காயக் கண்ணால பாத்ததில்ல," என்றாள். "இப்ப அக்கா ஒரு மைல் நடந்து வேற ஓடையில தண்ணி எடுக்குது. எல்லாராலயும் முடியுமா?"

"மெஷின் சொன்னா, நான் துரைக்கு, சுகாதார இலாகாவுக்கு, ரெண்டு பேருக்கும் கடிதம் போடும்," என்றார் பேராசிரியர். "செவ்வாய்க்கிழமை பாப்போம்."

திங்கட்கிழமை செல்வராணி நேரத்தோடு போய்விட்டாள். மறுநாளுக்கென்று அவள் கவிழ்த்துவைத்திருந்த பன்னிரண்டு குப்பிகளும் தட்டில் இருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். உள்ளே வெள்ளையாக ஒரு மெல்லிய பூச்சுத் தெரிந்தது. அலுமாரியைத் திறந்து நைத்திரிக்கமிலத்தை எடுத்தேன். பன்னிரண்டையும் அமிலத்தில் ஊறவிட்டு, காய்ச்சி வடித்த நீரால் ஒவ்வொன்றையும் ஆறு தரம் அலசி, அதே தட்டில் அதே வரிசையில் கவிழ்த்து வைத்தேன். ஒரு சொட்டு நீரும் முத்தாக நிற்கவில்லை. இவ்வளவு முக்கியமான சோதனைக்கு அழுக்குக் குப்பி கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய்யுமல்ல. ஆனால் சுத்தத்துக்காகச் செய்பவள் அதைச் சொல்லிவிட்டுச் செய்வாள். நான் சொல்லவில்லை. நாளைக்கு அவளுடைய கோடும் என் கோட்டைப்போல் ஒரு சிறு மேடாகட்டும், அந்தக் கையில் ஒன்றுமில்லை என்று பேராசிரியர் பார்க்கட்டும் என்பதே என் விருப்பம். பீலித் தண்ணீரைப் பற்றி அந்த வேளையில் நான் நினைக்கவேயில்லை.

செவ்வாய்க்கிழமை மின்வெட்டு அட்டவணைப்படி எங்களுக்குப் பகலில் மூன்று மணித்தியாலமும் பின்னேரம் அரை மணித்தியாலமும்தான் மின்சாரம் கிடைத்தது. வழக்கமாக, முதலில் பரகுவாட் இருப்பதாகத் தெரிந்த ஒரு கரைசலை ஓட்டிப் பார்ப்போம். நேரமில்லாததால் பேராசிரியர் அதை விட்டுவிட்டு நேரே பீலித் தண்ணீருக்குப் போனார். தெரிந்த கரைசலையும் ஓட்டுவோம் சேர் என்று நான் நினைவூட்டியிருக்க வேண்டும். நான் பின்னால் கதிரையில் பேசாமல் இருந்தேன். செல்வராணி கலந்த குப்பிகளில் கூழ் நிறம் மாறாமல் அழகாக நின்றது. பேனா தாளின் அடியில் ஒரு நேர்கோட்டை இழுத்துக்கொண்டே போனது. ஒரு மாதிரிக்கு நாற்பது நிமிடம். நான்கு மாதிரிகள். எதிலும் ஒரு மேடும் இல்லை.

"இல்லை," என்றார் பேராசிரியர். "நல்ல செய்திதான், செல்வராணி."

அவர் தம் அறைக்குப் போய்த் தோட்டத்துக் காரியாலயத்துக்குத் தொலைபேசி எடுத்து, நீரில் ஒன்றும் காணப்படவில்லை என்று சொன்னார்.

பின்னேரம் நான்கு மணியளவில் செல்வராணி தொட்டியடியில் நின்று குப்பிகளை மீண்டும் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு கடதாசிச் சுருளிலிருந்து எதையோ எடுத்துக் குப்பிக்குள் போட்டு விரலால் தேய்த்தாள்.

"என்ன அது?" என்று கேட்டேன்.

"உப்பு மிஸ். அசிட் இல்லைல்ல, அதான். எங்க வீட்டுல லாம்புச் சிமினி இப்படித்தான் தொடைப்போம், பளபளன்னு ஆயிரும்." பிறகு குரல் தணிந்து, "இன்னைக்கு நான்தான் சரியாக் கழுவலையோன்னு நெனைக்கிறேன். அந்தத் தண்ணியில இருக்கு மிஸ். எனக்குத் தெரியும்," என்றாள்.

அவள் போனபின் என் சுத்தமான குப்பியொன்றில் கூழையும், பரகுவாட் இருந்த தெரிந்த கரைசலையும் கலந்து, அவள் விட்டுப்போன சுருளிலிருந்து ஒரு கல் உப்பைப் போட்டேன். கூழ் என் கண்முன்னே நீலம் பாய்ந்து கறுத்தது. பின்னேரத்து அரை மணித்தியால மின்சாரம் அப்போதுதான் வந்திருந்தது. முழுத்தாளும் ஓட்டவில்லை; அந்த மருந்தின் முக்கியமான கோடு வரும் இடத்தை மட்டும் ஓட்டினேன். பேனா உச்சியில் போய் இடித்தது.

இன்று இதை எந்த மாணவரும் அறிவார். உப்பிலுள்ள குளோரைட்டு, வெள்ளித் துணிக்கைகளை ஒன்றோடொன்று கிட்ட இழுக்கிறது. களைகொல்லியை அவற்றின்மேல் பிடித்தும் வைக்கிறது. கூழ் சற்றுத் திரிந்தால்தான் கைரேகை தெரியும். அதை எங்கோ யாரோ எழுதியிருந்தார்கள்; எங்களுக்கு வந்துசேர்ந்த சொற்பக் கட்டுரைகளில் அது இருக்கவில்லை. நான் அமிலத்தைக் கொடுக்க மறுத்ததால் அவள் உப்பைத் தொட்டாள். அதனால் அவளுக்குக் கோடு வந்தது. நான் அவள் குப்பிகளைக் கழுவியதால் அது போனது.

அந்த அறையிலிருந்து நேரே பேராசிரியரிடம் போக இருபது அடி தூரம். நான் போகவில்லை. தாளைக் கிழித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

மறுநாள் பேராசிரியர் இருட்டறைச் சாவியை மீண்டும் என்னிடம் தந்தார். "செல்வராணி களைச்சிட்டா போல. கொஞ்ச நாள் நீங்க பாருங்க," என்றார். புதன், வியாழன், வெள்ளி. என் பழைய கதிரையில் இருந்தேன். என் கோடுகள் சிறு மேடுகளாகவே வந்தன. ஆனால் அவற்றோடு ஒப்பிடுவதற்கு அவளுடைய கோடு இல்லை. உப்பைப் பற்றிச் சொன்னால் கழுவியதைப் பற்றியும் சொல்லவேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். பயத்தினால் மட்டும் பேசாதிருந்தேன் என்று இங்கே எழுதினால் அது அரைவாசி உண்மை. அந்த மூன்று நாட்களும் நான் மகிழ்ச்சியாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை செல்வராணி வரவில்லை. சனிக்கிழமை காலை ஆய்வுகூடம் திறக்குமுன்பே வந்து வாசலில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"லீவு சொல்ல வந்தேன் மிஸ். தனத்த ஆஸ்பத்திரியில வச்சிருக்கு. வாயெல்லாம் புண்ணு, தண்ணி கூட முழுங்க ஏலல. தொர செவ்வாக்கெழமையே கங்காணிய வுட்டுச் சொல்லிட்டாராம், கெம்பஸ்ல பாத்தாச்சு, பீலித் தண்ணி நல்ல தண்ணின்னு. அக்காவும் அதக் கேட்டுட்டுப் பீலிக்கே திரும்பிப் போயிருச்சு. நான்தானே கெம்பஸ். அப்ப நான் சொன்ன மாதிரித்தானே?"

வாசற்கதவின் பூட்டில் சாவியைப் போட்டபடி நின்றேன். பூட்டைத் திறக்காமலேயே சொன்னேன்.

"செல்வராணி, திங்கட்கிழமை உம்மட குப்பியள நான் அசிட்டில கழுவி வச்சன். உப்புத்தான் கோட்டைக் காட்டுறது. நான் உப்பைக் கழுவிப்போட்டன். அதுதான் ஒண்டும் வரேல்ல."

"உப்பா?" என்றாள். பிறகு, "அப்ப தண்ணியில இருக்கா?"

"இருக்கும் எண்டுதான் நினைக்கிறன். திருப்பிப் பாக்க வேணும்."

"எப்ப மிஸ் இதக் கண்டுபுடிச்சீங்க?"

கேள்வியில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. தெரிந்துகொள்வதற்காக மட்டுமே கேட்டாள்.

"நேற்றுத்தான்," என்றேன்.

"நல்லதுக்குன்னு தானே மிஸ் கழுவுனீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்," என்றாள். என் கையைக்கூடப் பிடித்தாள்.

மூன்று நாளுக்கு மேற்பட்ட நீர்மாதிரியைப் பேராசிரியர் ஏற்பதில்லை. செவ்வாய்க்கிழமை மிஞ்சிய நீர் பயனற்றுப் போய்விட்டது. வாய்ப்பேச்சை நம்பித் தோட்டத்தார் பீலியை மூடப்போவதுமில்லை. ஆகவே இருவரும் உடனே பன்வில பஸ் ஏறினோம். பீலியில் ஒரு போத்தலும், ஆட்கள் தாங்கி கழுவும் இடத்துக்கு மேலே ஓடையில் ஒரு போத்தலும் பிடித்தோம். செல்வராணி லயத்து வாசல்தோறும் போய், யாரும் பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டாம் என்று சொன்னாள். "அன்னைக்கு நல்லதுன்னீங்க, இன்னைக்குக் கெட்டதுங்கறீங்க," என்று ஒரு கிழவர் சலித்துக்கொண்டார். சிலர் கேட்டார்கள், சிலர் குடத்தோடு பீலிக்கே போனார்கள். இரண்டு மணிக்குப் போத்தல்களை என் மடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். என் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் சிப்பாய் என்னைத் தனியே நிற்கச் சொன்னான். இருபது வயதுதான் இருக்கும். போத்தல்களைக் காட்டி என்னவென்று கேட்டான்.

"வத்துற," என்றேன். தண்ணீர். ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவசரத்தில் பேராசிரியரிடம் கடிதம் எதுவும் வாங்கி வரவில்லை. விளக்க விளக்க அவனுடைய சந்தேகம் கூடியது.

"எஹெனங் பொன்ன," என்றான். அப்படியென்றால் குடி.

அவன் காட்டியது பீலிப் போத்தலை. மூடியைத் திறந்தேன். அதிலிருப்பது மிகச் சொற்பம், ஒரு வாய் குடித்தால் உயிர் போகாது என்று எனக்குத் தெரியும். அந்த நாட்டில் அதை அறிந்த வெகு சிலரில் நானும் ஒருத்தி. தெரிந்தும் என் கை வாய்வரை போகவில்லை. சிப்பாய் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான்.

செல்வராணி வரிசையிலிருந்து வந்து என் கையிலிருந்த போத்தலை வாங்கி, தலையை அண்ணாந்து இரண்டு வாய் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். சிப்பாய் அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கைகாட்டினான்.

பஸ்ஸில் ஏறியதும், "ஏன் குடிச்சனீர்?" என்று கேட்டேன். என் குரல் கோபமாக வந்தது.

"எங்க ஆளுக இதத்தானே மிஸ் தெனமும் குடிக்கிறாங்க," என்றாள். போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, "ரெண்டு வாய் கொறஞ்சிருச்சு. மெஷினுக்குக் காணுமா?" என்று சிரித்தாள்.

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள்மேல் அப்போதும் எனக்குப் பொறாமையாகவே இருந்தது. கோடு வருவதும் சேரின் சிரிப்பும் எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. அந்தப் போத்தலை யோசிக்காமல் தூக்கிய கை என்னுடையதாக இல்லையே என்பதுதான் இப்போது மனத்தில் இருந்தது.

திங்கட்கிழமை காலை மின்சாரம் வந்ததும் தொடங்கினோம். கலந்தது செல்வராணி. இம்முறை உப்பை நிறுத்துக் கரைத்து அளவாக விட்டோம். தெரிந்த கரைசலை முதலில் ஓட்டினோம். பிறகு ஓடையின் மேற்பக்கத்து நீர்: நேர்கோடு. பிறகு பீலி நீர். பேனா அசையாமல் நெடுநேரம் போனது. அந்த மருந்தின் கோடு வரும் இடமான ஆயிரத்து அறுநூற்றைம்பதை நெருங்கும்போது கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு மேலே ஏறியது. செல்வராணி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் குடித்த தண்ணீரின் கோடு அது.

பேராசிரியர் தாளை நெடுநேரம் பார்த்தார். "யாரு உப்பு கண்டது?" என்று கேட்டார்.

உப்பு அவளுடையது. அதைச் சொல்ல நான் வாய் திறக்குமுன் செல்வராணி முந்திக்கொண்டாள். "மிஸ்தான் சேர். வெள்ளிக்கெழம கண்டுபுடிச்சு, சனிக்கெழம காலையிலயே எங்கிட்டச் சொல்லிட்டாங்க. ஒடனே கௌம்பிட்டோம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, என்னைப் பார்த்தபடியே துடைத்தார். குறிப்பேட்டில் எழுதும்படி என் பக்கம் தள்ளினார். குப்பிகளை அமிலத்தால் கழுவியது நான் என்று எழுதினேன். உப்பால் கழுவும் வழக்கம் செல்வராணியுடையது என்று எழுதினேன். உப்பின் விளைவு அறியப்பட்ட நாள் என்ற இடத்தில் வெள்ளிக்கிழமை என்று எழுதினேன்.

அன்றே கடிதங்கள் போயின. அந்த வாரத்திலேயே சுகாதாரப் பரிசோதகர் வந்து பீலியை மூடினார். தாங்கி கழுவும் இடம் மலையின் மறுபக்கத்துக்கு மாறியது. மேல் ஓடையிலிருந்து ஒரு குழாய் வந்தது. தனம் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பினாள். வயது முப்பதைத் தாண்டியும் காரமான எதையும் அவளால் வாயில் வைக்க முடியாது என்று செல்வராணி சொல்லியிருக்கிறாள். அந்த நாட்களில் குடித்த தண்ணீரால்தானா, அதற்கு முந்திய வாரங்களில் குடித்ததாலா என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. அதைச் சொல்லி நான் என்னைத் தேற்றிக்கொண்ட வருடங்கள் உண்டு.

பேராசிரியர் செல்வராணிக்கு நிரந்தர நியமனம் வாங்கிக்கொடுத்தார். வெளிநாட்டில் ஒரு வருடப் பயிற்சிக்கும் அனுப்பினார். திரும்பி வந்து வேறொரு நகரத்தில் நீர்ச் சோதனைக் கூடமொன்றைப் பொறுப்பேற்றாள். இன்று என்னை அக்கா என்று அழைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசி எடுப்பாள். கால்மணி நேரம் பேசுவோம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அவள் சொல்லும் முதற்கதை இதுதானாம். தான் செய்த பிழையை மறைக்காமல் மறுநாளே சொன்ன ஒரு மிஸ் இருந்தார், இந்தத் தொழிலுக்கு அதுதான் வேண்டும் என்று சொல்லி முடிப்பாளாம். ஒவ்வொரு வருடமும் சொல்கிறாள்.

செல்வராணி, மறுநாள் அல்ல. செவ்வாய்க்கிழமை பின்னேரம் உம்முடைய உப்புச் சுருளை விட்டுவிட்டு நீர் போன அரைமணி நேரத்துக்குள் எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலைவரை, நான்கு நாட்கள், தெரிந்துகொண்டே இருந்தேன். குப்பிகளையும் நல்லதுக்காகக் கழுவவில்லை.

இந்தப் பக்கங்களைச் சஞ்சிகைக்குக் கொடுக்குமுன் ஒரு பிரதியை அவளுக்குத் தபாலில் அனுப்பினேன். கிடைத்ததென்று அவளுடைய அலுவலகத்தில் சொன்னார்கள். அதன் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போய்விட்டன. காலையில் தொலைபேசிக்கு அருகில் கதிரையைப் போட்டு இருக்கிறேன். நானாக எடுப்பதில்லை.